வீட்டுத் தறியும் மலைப் பாதையும்

(திருவண்ணாமலையில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு கொஞ்சம் நீளமானது. உடம்பைப் பேணுவது, வீட்டிலிருந்தபடியே வேலையை ஒழுங்காகப் பார்ப்பது, அன்றாடம் கைக்கெட்டும் சின்னச் சின்னக் கலை இன்பங்கள் என்று மூன்றையும் ஒரே மாலையில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு டாக்டர், ஒரு கம்பெனி மேனேஜர், ஒரு ஓவியர் என்று மூன்று பேரை அழைத்திருக்கலாம். சிக்கனம் கருதி ஒருவனையே அழைத்தார்களோ என்னவோ. ஆனால் இது மூன்று பேர் பிரித்துப் பேசும் விஷயமில்லை என்பதுதான் என் எண்ணமும்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது 2020 மார்ச் ஊரடங்கில் பிறந்தது என்று நினைப்பவர்கள் நம் மாவட்டத்து ஆரணிக்கு ஒருமுறை போய்வர வேண்டும். ஆரணிப் பட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தெருக்களில் தறி வீட்டுக்குள்தான் இருந்தது. வாசல் தாண்டினால் குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டுக்கொண்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, நாடாவை ஓட்டி, பொழுது போவது தெரியாமல் நெய்வார்கள். முதலாளி பட்டும் ஜரிகையும் கொடுத்தனுப்புவார். சேலை முடிந்தால் கூலி. தலைமேல் நின்று பார்க்கும் அதிகாரி கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது, கெடு மட்டும் உண்டு.

இன்றைக்கு நீங்கள் சொல்லிச் சொல்லிப் புலம்புகிற எல்லாமே அங்கே இருந்தது. வேலைக்கு நடுவே வந்து முதுகில் தொங்கும் பிள்ளை, 'வீட்டிலதானே இருக்கே, ஒரு எட்டு கடைக்குப் போய்ட்டு வா' என்ற ஏவல், இடுப்பு வலி, கண் எரிச்சல், வாங்கிய முன்பணம் தீராத கவலை எல்லாம் பழசுதான். கூடவே உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுத்த பெண்களின் உழைப்பு பெரும்பாலும் கணக்கில் வரவே இல்லை. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறினால் தறி நிற்கும், அடுப்பும் தயங்கும். அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் அந்தத் தொழிலில் ஒரு பகுதி வீட்டுக்குள் நடக்கவே முடியாதது. பாவு. ஒன்றுக்கு மேற்பட்ட சேலைகளுக்கான இழைகளை ஒரே நீளமாக நீட்டிப் பார்க்க எந்த வீட்டிலும் இடம் போதாது. ஆகவே விடியற்காலையில், வெயில் உறைப்பதற்கு முன், தெருவில் நீட்டுவார்கள். தெருப்பாவு என்றே அதற்குப் பேர். இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து நடந்து, சிக்கெடுத்து, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட வேண்டும். ஒருத்தர் வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டுக்காரர்கள் கை கொடுத்தாக வேண்டும், நாளைக்கு அவர்கள் பாவுக்கு இவர் போய் நிற்க வேண்டும். ஊர்க் கதை, கல்யாணப் பேச்சு, கூலித் தகராறு, பழைய பாட்டு எல்லாம் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடந்து முடிந்துவிடும். பிறகு அவரவர் குழிக்குள்.

வீட்டிலிருந்து பார்க்கும் வேலையைக் காப்பாற்றுவது தெருதான். நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றே. மீதியெல்லாம் இதற்குச் சாட்சி.

இந்தச் சாட்சிகளில் சிலர் வெளியூர்க்காரர்கள். சீனாவில் சீட்ரிப் என்றொரு பெரிய பயணக் கம்பெனி. அதன் ஷாங்காய் அழைப்பு மையத்தில் 2010-11இல் ஒன்பது மாதம் ஒரு சோதனை நடந்தது. நிக்கோலஸ் புளூம் என்ற ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் நடத்தியது. வீட்டிலிருந்து வேலை பார்க்க விருப்பம் சொன்னவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. நிர்வாகத்துக்கு ஒரே குஷி. இதோடு கதை முடிந்திருந்தால் இன்றைக்கு நான் பேச ஒன்றுமில்லை. சோதனை முடிந்து, இனி யாருக்கு எது வேண்டுமோ தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள் என்றபோது, வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆபீசுக்கே திரும்பிவிட்டார்கள். அவர்கள் சொன்ன முக்கியக் காரணம் தனிமை. அதே கம்பெனியில் அதே பேராசிரியர் பின்னால் 1,612 பேரை வைத்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டில் என்று பார்த்தார். வேலையின் தரம் குறையவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். 2024இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது இது. வீடும் வேண்டும், வெளியும் வேண்டும் என்று அந்த ஊழியர்கள் தங்கள் கால்களாலேயே சொல்லிவிட்டார்கள்.

நம் பக்கத்துச் சாட்சியும் உண்டு. ஸோஹோ நிறுவனம் 2011இல் தென்காசியில் ஒரு சின்ன ஆபீஸ் திறந்தது. பிறகு மத்தளம்பாறையில் வளர்ந்தது. சென்னைக்கு வராமலே மென்பொருள் வேலை பார்க்கலாம் என்று காட்டிய முயற்சி அது. அதிலும் கவனியுங்கள், கிராமத்துக்குப் போனவர்கள் அவரவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடவில்லை. கிராமத்திலேயே ஒன்றாக உட்கார ஒரு கூரை போட்டார்கள்.

சரி, நம்மூருக்கு வருவோம். திருவண்ணாமலையில் இன்று மடிக்கணினியோடு குடியிருப்பவர்கள் எத்தனை விதம்! ஊரடங்கில் அப்பா அம்மாவிடம் வந்து அப்படியே தங்கிவிட்ட பெங்களூர்ப் பிள்ளைகள், அமெரிக்க நேரத்துக்கு ராத்திரி முழுக்க விழித்திருப்பவர்கள், செங்கம் சாலைப் பக்கம் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள். (அவர்கள் வந்ததில் அந்தப் பக்கம் வாடகை என்ன ஏறு ஏறியது என்பது தனிச் சொற்பொழிவு. வீட்டு உரிமையாளர்கள் சிலர் இங்கேயே இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.) இவர்களுக்குத் தெருப்பாவு எங்கே? ஆரணி நெசவாளியைப் பாவு தெருவுக்கு இழுத்துவந்தது. கணினிக்கு அப்படி ஒரு தேவை கிடையாது. கட்டிலிலேயே காலையும் மாலையும் முடிந்துவிடும்.

உடம்பு இதைத் தாங்காது என்று 1953இலேயே தெரிந்துவிட்டது. லண்டன் மாடிப் பேருந்துகளில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். ஒரே பேருந்து, ஒரே சாலை, ஏறத்தாழ ஒரே சம்பளம். உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களை விட, நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. நம் டவுன் பஸ்சில் படி ஏற வேண்டியதில்லை என்றாலும், நெரிசலில் நுழைந்து 'உள்ளே போ, உள்ளே போ' என்று முன்னும் பின்னும் போய்வரும் நடத்துநர்களும் அந்தக் கணக்கில் நல்ல பக்கம்தான். நேரக் கணக்கும் இருக்கிறது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களை விடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் சொல்லின. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்கு 55 மணி நேரம் ஆவது தெரியவே தெரியாது. வீட்டுக்குக் கிளம்பும் நேரம் என்று ஒன்று இருந்தால்தானே தெரியும்?

இந்த ஊரில் இதற்கு ஒரு பதில், மலையைச் சுற்றும் பாதையாக, 14 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது.

மலை சுற்றுவதைப் பக்தியோடு செய்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் பக்தியை உடற்பயிற்சியாகச் சுருக்குகிறான் என்று கோபிக்க வேண்டாம். கால் நடக்கும்போது மனசு எங்கே இருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம். நான் காலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. நிதானமாக நடப்பவருக்கு ஒரு சுற்று மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, நாலும் ஆகும். வாரம் ஒரு சுற்றுப் போனால் அந்த வாரக் கணக்கு ஒரே காலையில் தீர்ந்துவிடும் போலத் தோன்றும்.

இங்கே ஒரு தகராறு உண்டு. 'மிதமான' உழைப்பு என்றால் மருத்துவர்கள் சொல்லும் எளிய அடையாளம், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நம் மரபோ நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பது போல மெல்ல நடக்கச் சொல்கிறது. அரசி நடையில் தாராளமாகப் பாடலாம். யார் சொல்வது சரி? என் தீர்ப்பு: இரண்டும் சரி, வேறு வேறு நாளைக்கு. மூச்சு வாங்க வேகமாக நடக்க அரைமணி நேரம் தினமும் போதும். அதற்கு 14 கிலோமீட்டர் வேண்டியதில்லை. மாட வீதியைச் சுற்றினாலே போதும். முழுச் சுற்று வேறு வகை. அதைக் கையில் கட்டிய கடிகாரம் காட்டும் அடிக்கணக்குக்காக நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அந்தப் பத்தாயிரம் அடி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பேரிலிருந்து. 'பத்தாயிரம் அடி மானி' என்று அதற்குப் பேர் வைத்தார்கள். கேட்க முழுசாக இருக்கிறதே என்று உலகம் பிடித்துக்கொண்டது. நம் பாதையில் எண்ணுவதற்கு வேறு இருக்கிறது. இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என்று எட்டுத் திசைக்கும் எட்டு. 'நிருதி தாண்டிட்டோம், இனிமே நிழல்' என்று சொல்லிக்கொண்டு நடப்பதில் ஒரு தெம்பு வரும்.

அந்தப் பாதையின் இன்னொரு குணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாதிச் சுற்றில் அலுத்துப்போனால் திரும்பி வருவதில் லாபம் இல்லை. அடி அண்ணாமலை வந்துவிட்டால் பின்னால் போவதும் முன்னால் போவதும் ஏறத்தாழ ஒரே தூரம். அதனால் முடித்துவிடுகிறோம். நடைக்கருவியில் ஓடுகிறவருக்கு எந்த நிமிடமும் பொத்தானை அமுக்கி இறங்கும் சுதந்திரம் இருக்கிறது. அந்தச் சுதந்திரம்தான் அவரைக் கெடுக்கிறது. ஆறு மாதத்தில் அந்தக் கருவி துணி காயப்போடும் கொடி ஆகிவிடும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. கால் மரத்துப்போனவர்கள் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தால், குத்தினது தெரியாது, சுட்டது தெரியாது, வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளம் தெரியும். டாக்டரிடம் காலைக் காட்டிக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். செருப்போடு நடந்தால் அண்ணாமலையார் கோபிப்பார் என்று நான் நம்பவில்லை. சித்திரை, வைகாசியில் பகலில் நடப்பது யாருக்குமே தகாது.

இனி வேலைக்கு வருகிறேன். இந்த ஊரில் நடந்த தொலைதூர வேலைக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ரமணாசிரமம். நீங்கள் சிரிக்கிறீர்கள். கேளுங்கள்.

பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் 1896 செப்டம்பர் 1ஆம் தேதி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். பிறகு 1950 ஏப்ரல் 14 வரை, ஏறத்தாழ 54 ஆண்டுகள், இந்த மலையடியை விட்டு எங்கும் போகவில்லை. ஆனால் உலகம் தபாலில் வந்தது. பால் பிரன்டன் என்ற ஆங்கிலேயர் அவரைப் பற்றியும் எழுதிய புத்தகம் 1934இல் வெளிவந்த பிறகு கடிதம் பெருகியது. கடிதங்கள் அவர் பார்வைக்குப் போகும், எழுதிய பதில்களும் அனுப்புவதற்கு முன் அவர் கண்ணில் பட்டுத் திருத்தம் பெறும். அச்சுப் படிகளைத் தானே திருத்துவார். கிழிந்த புத்தகங்களைத் தைத்துப் பைண்டு செய்வார். ஒரு பக்கம் வெறுமையாக வந்த தாள்களைச் சேர்த்து நோட்டாகத் தைப்பார். வந்த காகிதங்களில் குத்தியிருந்த குண்டூசியைக் கூட எடுத்து வைப்பார். பல ஆண்டுகள் விடியலுக்கு வெகு முன்பே அடுக்களைக்குப் போய்க் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார்.

மௌனம் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது, உண்மைதான். ஆனால் அந்த இடம் மணி அடித்து ஓடியது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சாப்பாட்டு மணி அடித்தால் எழுந்துவிடுவார், எதிரில் யார் உட்கார்ந்திருந்தாலும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரமத்தை ஒட்டிய பலாக்கொத்துப் பக்கம் ஒரு நடை, மாலையில் மலைமேல் ஒரு நடை. முழங்கால் வாதம் படுத்திய பிறகும் நடை இருந்தது. முழுச் சுற்று மட்டும் 1926க்குப் பிறகு நின்றது. அவர் கிளம்பினால் ஆசிரமமே பின்னால் கிளம்பிவிடுகிறது, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது.

வேலை நேரத்துக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, நடுவில் வாசலைத் தாண்டிப் போகும் நேரம் உண்டு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு எந்த நிர்வாகப் புத்தகமும் இதைவிட அதிகம் சொல்லிவிடப் போவதில்லை. எத்தனை செயலி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன். உங்கள் வீட்டில் மணி எப்போது அடிக்கிறது என்று கேட்பேன். வீட்டில் கதவு மூடும் தனியறை இல்லாதவர்களுக்கும் இது முடியும். அறைக்குப் பதில் நேரத்தைப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டாருக்கும் சொல்லிவைக்க வேண்டும், இந்த மணியிலிருந்து இந்த மணிவரை நான் ஊரில் இல்லை என்று.

ஆர்தர் ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலேயரையும் சொல்லியாக வேண்டும். அவர் குடும்பம் 1941இலேயே இங்கே வந்துவிட்டது. அவர் பாங்காக்கில் பல்கலைக்கழக ஆசிரியர். போரில் ஜப்பானியர் காவலில் அடைபட்டு, போர் முடிந்த பிறகு 1945இல்தான் வந்து சேர்ந்தார். சென்னையிலும் கல்கத்தாவிலும் வேலை பார்த்துவிட்டுக் கடைசியில் இங்கேயே குடியேறி, 1964 ஜனவரியில் 'மவுண்டன் பாத்' காலாண்டிதழைத் தொடங்கினார். ஆசிரியர் இந்த மலையடியில், எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் எங்கெங்கோ, நடுவில் தபால்காரர் மட்டும். அந்த இதழ் இன்றும் வருகிறது. வேகமான இணையம் இல்லாததால் எந்த இதழும் நின்றுவிடவில்லை.

இணையம் என்றதும் ஒரு நடைமுறை யோசனை. பௌர்ணமி ராத்திரியில் முக்கியமான மீட்டிங் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். லட்சக்கணக்கான பேர் மலை சுற்ற ஊருக்குள் வந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ கால் போட்டால், உங்கள் குரல் கலிபோர்னியாவுக்குக் கரகரப்பாகத்தான் போய்ச் சேரும். கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம், லீவு போட்டுவிடுங்கள்.

கலை இன்பத்துக்கு வர எனக்கு ஒரு முள்ளுக்குச்சி வேண்டும். இந்தக் கதை ஆசிரமத்து உரையாடல் பதிவில் இருக்கிறது. வேலூர் ஊரிஸ் கல்லூரித் தெலுங்குப் பண்டிதர் ரங்காச்சாரி, பலன் கருதாத செயல் எப்படி இருக்கும் என்று ரமணரைக் கேட்டார். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் மலையேறினார், பண்டிதரும் சிலரும் பின்னால் போனார்கள். வழியில் முள் நிறைந்த ஒரு குச்சி கிடந்தது. எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முள்ளையெல்லாம் சீவினார். கணுவைத் தேய்த்தார். சொரசொரப்பான ஓர் இலையை வைத்து மெருகேற்றினார். ஆறு மணி நேரம் ஆனது. கோணல் குச்சி பார்க்க அழகான தடியாகிவிட்டது. கிளம்பும்போது எதிரே ஓர் ஆட்டிடையச் சிறுவன், தன் கோலைத் தொலைத்துவிட்டுத் திகைத்து நின்றான். அவன் கையில் தடியைக் கொடுத்துவிட்டு மேலே நடந்துவிட்டார்.

இதை எல்லோரும் கர்மயோகத்துக்கு விளக்கமாகச் சொல்கிறார்கள். பண்டிதரே அப்படித்தான் எடுத்துக்கொண்டார். என் கண் அந்த ஆறு மணி நேரத்தின் மேலேயே நிற்கிறது. முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கத்தியை எப்படிப் பிடித்தால் நார் கிளம்பாது, எந்த இலை நன்றாகத் தேய்க்கும் என்றெல்லாம் தெரிந்த ஒரு கையின் சுகம் அது. அதில் சுகம் இல்லாமல் யாரும் ஆறு மணி நேரம் உட்கார முடியாது. இன்றைக்கு நம்மில் ஒருவர் அந்தத் தடியைச் செய்திருந்தால், முதல் முள்ளைச் சீவுவதற்கு முன்பே செல்போனைத் தாங்கியில் நிறுத்தி வைத்திருப்போம். பொழுதுபோக்கையும் பார்வையாளர் எண்ணிக்கைக்குக் கொண்டுபோய் அடகு வைத்த தலைமுறை நாம். அப்படிச் செய்தால் அது இரண்டாவது வேலை. ஒரு வேலையின் களைப்பை இன்னொரு வேலை ஆற்றாது.

அப்பளப் பாட்டும் இப்படித்தான் பிறந்தது. தாய் அழகம்மாள் அப்பளம் இடக் கூப்பிட்டபோது, ரமணர் உளுந்தையும் பிரண்டையையும் உலக்கையையும் வைத்தே வேதாந்தம் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். வேலையிலிருந்து தப்பித்த விதம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எனக்கு அதில் கருத்து வேறுபாடு இல்லை. அவருடைய அட்சரமணமாலையின் 108 கண்ணிகளில் பல மலை சுற்றும்போது வந்தவை என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 2014இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை செய்து, நடக்கும்போது புதுப்புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகம் வருகின்றன, உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த வேகம் நிற்கிறது என்று எழுதினார்கள். நடந்துகொண்டே பாடியவர்கள் நிறைந்த ஊருக்கு இது புதுச் செய்தி அல்ல. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கே என்பது மரபு. அருணகிரிநாதர் இந்த ஊர்க்காரர், அவர் சந்தத்தைச் சும்மா உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள், கால் தானாகத் தாளம் போடும்.

இதெல்லாம் பெரியவர்கள் கதை, எங்களுக்கு வராது என்று சொல்கிற கணினித் தம்பிகளுக்கு வாசற்கோலத்தைக் காட்டுகிறேன். 1970களில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் இலக்கணத்தைக் கணினியியல் மொழியில் எழுதினார்கள். 1974இல் வெளிவந்த அந்தக் கட்டுரை, படம் வரையும் இலக்கணங்கள் என்ற துறைக்கே ஆரம்பகாலக் கட்டுரைகளில் ஒன்று. நீங்கள் எழுதும் நிரலுக்கும் உங்கள் அம்மா விடியற்காலையில் குனிந்து போடும் சிக்குக் கோலத்துக்கும் சொந்தம் உண்டு என்று கல்லூரியே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கோலத்தை யாரும் சேமித்து வைப்பதில்லை. பத்து மணிக்குள் சைக்கிளும் மாடும் அழித்துவிடும். நாளைக்கு வேறு கோலம். போடும்போது இடுப்பு வளைகிறது, கண் கணக்குப் போடுகிறது, எதிர் வீட்டு அக்காவோடு நாலு வார்த்தை நடக்கிறது. அதுவும் தெருவில்தான்.

ஆனால் கோலம் போடும் அந்த அம்மாவுக்கு அது ஐந்தாவது வேலையாகவும் இருக்கலாம். வீட்டிலிருந்து கம்பெனி வேலை பார்க்கும் பெண்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு மலை சுற்ற மூன்று மணி நேரம் யார் தருவார் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஆரணியில் தார் சுற்றிய பெண்ணைக் கணக்கில் எடுக்காத அதே கை இன்றைக்கும் உங்கள் காலை நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஆண்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் உடம்பு தேறுவதற்கு முதல் பயிற்சியாக, வாரத்தில் இரண்டு விடியற்காலை அடுக்களையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்க ரமணருக்கே கௌரவம் குறையவில்லை.

கதை கேட்பதையும் நான் கலை இன்பத்தில் சேர்ப்பேன். எழுத்தாளர் பவா செல்லதுரை கதை சொல்ல, தரையில் உட்கார்ந்து கேட்ட ஊர் இது. விடிய விடிய நடந்த கலை இலக்கிய இரவுகளைப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். செய்யாறு பக்கம் புரிசையில் கூத்துக் கட்டுகிறவர்கள் ராத்திரி முழுக்க ஆடுவதற்குச் சேர்த்து வைத்திருக்கும் மூச்சு, எந்த உடற்பயிற்சிக் கூடத்திலும் விலைக்குக் கிடைக்காது. மாதத்தில் ஒரு மாலை இதில் எதற்காவது காதைக் கொடுங்கள், காதில் மாட்டும் கருவியைக் கழற்றிவிட்டு.

என்னைப் பார்த்து, நீ சொல்கிறபடி நடக்க எங்கே தொடங்குவது என்று கேட்டால், இப்படிச் சொல்வேன். பௌர்ணமி வேண்டாம். அன்றைக்கு நடப்பது கூட்டம், நீங்கள் அதில் நகர்வீர்கள், அவ்வளவுதான். சாதாரண ஞாயிற்றுக்கிழமை, நாலரை மணிக்குக் கிளம்புங்கள். கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் உங்கள் தொழிலில் இல்லாத ஒருவரை. போனை வீட்டில் வைக்க மனசு வராவிட்டால் பையில் போடுங்கள், கையில் வேண்டாம். இடது ஓரமாக நடங்கள், மலைப்பக்கத்து ஓரம் சித்தர்களுக்கு என்று பெரியவர்கள் விட்டுவைத்திருக்கிறார்கள், அவர்கள் வராத நாளில் ஆட்டோக்காரர்கள் வருகிறார்கள். அடி அண்ணாமலையில் டீ குடியுங்கள். தண்ணீர் பாட்டிலை அங்கேயே வீசிவிட்டு வராதீர்கள். முட்டி வலித்தால் வீம்புக்கு முடிக்க வேண்டாம், அடுத்த வாரமும் மலை அங்கேதான் இருக்கும்.

எனக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். மைக்கைக் கீழே அனுப்புகிறேன். ஒன்பது மணிக்கு அமெரிக்க ஷிப்டு இருக்கிறவர்கள் முதலில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், மற்றவர்கள் நிதானமாகச் சண்டை போடலாம்.